க்ரூகரில் பறவை பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குத் தாங்களே திட்டமிட்டுப் போக விரும்பும் பறவை ஆர்வலர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, கூந்தன்குளம் என்று பார்த்துப் பழகியவர்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஆப்பிரிக்காவில் எத்தனையோ சரணாலயங்கள் இருக்க, ஏன் க்ரூகர்?

அங்கே நம் வண்டியை நாமே ஓட்டலாம். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், ஒரே மரத்தடியில் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். பறவை பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. கென்யாவின் மசாய் மாராவுக்கும் தான்சானியாவின் செரங்கெட்டிக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டுநரோடு வரும் வண்டியில்தான் சுற்றுகிறார்கள். அந்த வண்டியில் மற்ற பயணிகளும் இருந்தால், புதருக்குள் சத்தமிடும் சின்னஞ்சிறு குருவிக்காக நிறுத்தச் சொல்ல நாக்கு எழாது. பறவை இனங்களின் எண்ணிக்கையில் கென்யா பெரிது. நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிதான் உங்கள் கனவு என்றால் தயங்காமல் அங்கே போங்கள். பறவைகளை நிதானமாகப் பார்க்க வேண்டும், செலவும் கைக்குள் இருக்க வேண்டும் என்றால் என் பரிந்துரை க்ரூகர்தான்.

பூங்கா எவ்வளவு பெரியது என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். வடக்கு தெற்காகச் சுமார் 350 கி.மீ. நீளம், ஏறத்தாழ 19,500 சதுர கி.மீ. பரப்பு, தமிழ்நாட்டின் பரப்பில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 1898இல் சாபி வேட்டைக் காப்பகமாகத் தொடங்கி, 1926இல் தேசியப் பூங்காவானது. 500க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன.

எந்த மாதத்தில் போகலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை வறண்ட குளிர்காலம். புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், நீர்நிலைகள் சுருங்கும், விலங்குகள் தண்ணீருக்கு வந்தே தீர வேண்டும். எனவே விலங்கு பார்க்க அதுவே நல்ல காலம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான். பறவைகளுக்குக் கணக்கு வேறு. நவம்பர் முதல் மார்ச் வரையிலான மழைக்காலத்தில்தான் (அங்கே அதுவே கோடை) வலசைப் பறவைகள் வந்து சேர்கின்றன, உள்ளூர்ப் பறவைகள் இனப்பெருக்கக் கோலம் பூணுகின்றன, தூக்கணாங்குருவிகள் கூடு பின்னுகின்றன. நவம்பர் நடுவில் உட்லேண்ட் மீன்கொத்தி வந்துவிட்டதென்றால் காடு முழுக்க அதன் குரல்தான்: ஒரு வெட்டொலி, அதைத் தொடர்ந்து நீண்ட உதறல். மீன்கொத்தி என்று பெயரே தவிர இதற்கு முதன்மை உணவு பூச்சிகள். தண்ணீரே இல்லாத இடத்திலும் கிளையில் உட்கார்ந்து கூவிக்கொண்டிருக்கும்.

முதல் பயணம், பறவையும் வேண்டும் விலங்கும் வேண்டும் என்பவர்களுக்கு நவம்பர் பிற்பாதியைச் சொல்வேன். மழை தொடங்கியிருக்கும், புல் இன்னும் உயர்ந்திருக்காது, இம்பாலா மான்கள் குட்டி போடத் தொடங்கியிருக்கும். டிசம்பர் நடுவில் அந்நாட்டுப் பள்ளி விடுமுறை தொடங்குகிறது. அப்போது நெரிசல் அதிகம், தவிர்த்துவிடுங்கள். பறவை மட்டுமே போதும் என்பவர்கள் பிப்ரவரியில் போகலாம். அப்போது வெப்பம் 40 டிகிரியைத் தொடும், புல் ஆளுயரம் நிற்கும், மழை பெய்தால் மண் சாலைகளை மூடிவிடுவார்கள். அத்தனைக்கும் ஈடாக, செந்நிறப் பஞ்சுருட்டான்களும் ஐரோப்பியப் பனங்காடைகளும் குயில் வகைகளும் ஒருசேரக் கிடைக்கும்.

எத்தனை நாள் வேண்டும்? எந்தெந்த முகாம்களில் தங்குவது?

ஐந்து இரவுகளுக்குக் குறைந்தால் தெற்குப் பகுதியை விட்டு நகராதீர்கள். லோயர் சாபி, ஸ்குகுஸா இரண்டிலும் தங்கினால் போதும். பத்து இரவுகள் இருந்தால் தெற்கிலிருந்து வடக்கே முழுமையாகப் போகலாம்: லோயர் சாபியில் மூன்று, சடாராவில் இரண்டு, லெடபாவில் இரண்டு, ஷிங்க்வெட்ஸியில் ஒன்று, புண்டா மரியாவில் இரண்டு. தெற்கில் ஆறும் அடர்த்தியான மரங்களும், நடுவில் சடாராவைச் சுற்றிப் புல்வெளியும், வடக்கில் மொப்பானி மரக்காடும், வடகோடியில் பாவோபாப் மரங்களும் ஆற்றங்கரைக் காடும் என்று நிலம் மாறிக்கொண்டே போகும். நிலம் மாறும்போது பறவைகளும் மாறும். ஒரே முகாமில் பத்து நாள் இருப்பவருக்கு இந்த மாற்றம் கிடைக்காது. தினமும் முகாம் மாற்றுகிறவருக்கோ சாலையைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. இந்த இரண்டாவது தவறைத்தான் நம்மவர்கள் அதிகம் செய்கிறார்கள்.

முகாம்களைத் தென்னாப்பிரிக்க தேசியப் பூங்காக்கள் அமைப்பான சான்பார்க்ஸ் நடத்துகிறது. ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். லோயர் சாபியும் சடாராவும் முதலில் நிரம்பும். அறை வாடகை தவிர ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு ஓர் இயற்கைப் பாதுகாப்புக் கட்டணம் உண்டு, வெளிநாட்டினருக்கு அது கூடுதல். வைல்ட் கார்ட் என்ற ஓராண்டு அட்டை வாங்கினால் இந்தத் தினக் கட்டணம் இல்லை. குடும்பமாக, நிறைய நாட்கள் போகிறவர்கள் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பறவை பார்க்க இடம் ஒன்று சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

சன்செட் அணை. லோயர் சாபி முகாமின் வாசலிலிருந்து வண்டியில் சில நிமிடங்கள்தான். சாலையோரத்திலேயே தண்ணீர், இறங்க வேண்டியதில்லை, நடக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் வண்டியைக் கரையோரம் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். நீர்யானைகளின் முதுகு மட்டும் தண்ணீருக்கு மேல் கறுப்புத் திட்டுகளாகத் தெரியும். சற்றுக் கவனித்தால் அந்தத் திட்டுகளின் மேல் ஆமைகள் வரிசையாக ஏறி வெயில் காய்வது தெரியும். நீர்யானை மூழ்கும்போது ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சறுக்கும். அது மீண்டும் எழுந்தால் மறுபடி ஏறும். அதே முதுகில் ஒரு சின்னக் கொக்கு நின்று மீன் பார்க்கும். நீர்யானை நகர்ந்தால் கலங்கும் தண்ணீரிலிருந்து அதற்கு இரை கிடைக்கிறது. கரையில் முதலைகள் வாயைத் திறந்தபடி கிடக்க, பத்தடி தள்ளி ஆப்பிரிக்காவின் மஞ்சள் மூக்கு நாரை தன் அலகைப் பாதி திறந்து தண்ணீரில் அமிழ்த்தி நடந்துகொண்டிருக்கும். ஒரு காலால் சேற்றைக் கிளறும், மீன் அலகில் பட்டவுடன் மூடிக்கொள்ளும். கண்ணால் தேடுவதே இல்லை. வேடந்தாங்கலில் நாம் அதே பெயரில் அழைக்கும் வர்ண நாரையின் நெருங்கிய உறவினர் இது, உத்தியும் அதேதான். ஆனால் இங்கே பதினைந்தடி தூரத்தில், கார் ஜன்னலிலிருந்து பார்க்கலாம்.

இரண்டாவது இடம், ஸ்குகுஸாவுக்குப் பக்கத்தில் உள்ள லேக் பானிக் மறைவிடம். மரத்தாலான நீண்ட குடில், உள்ளே பெஞ்சுகள், எதிரே அல்லிக்குளம். இலைக்கோழி, பாம்புத்தாரா, கருப்பு வெள்ளை மீன்கொத்தி, நீலச் சிறு மீன்கொத்தி என்று பொறுமைக்கேற்ப வந்துகொண்டே இருக்கும். குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். முடிந்தால் பேசவே வேண்டாம்.

ஸ்குகுஸாவுக்கும் லோயர் சாபிக்கும் இடையே சாபி ஆற்றை ஒட்டிப் போகும் எச்4-1 சாலை 46 கி.மீ. தூரம்தான். அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். வடகோடியில் பஃபூரி, அங்கே லுவுவு ஆறும் லிம்போப்போவும் கலக்கும் இடத்தில் நின்றால் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, மொசாம்பிக் மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். பறவை ஆர்வலர்கள் வடக்கு நோக்கிப் போவதே பஃபூரிக்காகத்தான்.

க்ரூகரின் ‘ஆறு பெரும் பறவைகள்’ என்கிறார்களே, அவை எவை?

யானை, சிங்கம், சிறுத்தை, எருமை, காண்டாமிருகம் என்ற ஐந்து பெரிய விலங்குகளுக்கு இணையாகப் பறவைகளுக்கும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள்: தரை இருவாச்சி, கோரி கானமயில், லாப்பெட் பாறு (பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு), மார்ஷியல் கழுகு, சேண அலகு நாரை, பெல் மீன்பிடி ஆந்தை.

தரை இருவாச்சியை எங்கேனும் கண்டால் அன்றைய மற்ற திட்டங்களை விட்டுவிடுங்கள். வான்கோழி அளவில் கன்னங்கரேலென்று, சிவந்த வெற்று முகத்தோடு, குழுவாகப் புல்வெளியில் நடந்து போகும். பாம்பு, ஆமை, வெட்டுக்கிளி எதையும் விடாது. முழுச் சிவப்புக் கழுத்துப்பை ஆணுக்கு; பெண்ணின் பையில் ஊதா கலந்த நீலத் திட்டு இருக்கும். விடியலில் அவை எழுப்பும் குரல் தூரத்து முழக்கம்போல அடிவயிற்றிலிருந்து வரும்; சிங்கமோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. ஒரு குழுவில் ஒரே ஜோடிதான் முட்டையிடுகிறது, மற்றவை குஞ்சை வளர்க்க உதவுகின்றன. இரண்டு குஞ்சு பொரித்தாலும் இரண்டாவது பட்டினியில் இறந்துவிடும். சராசரியாக ஒரு குழு ஒரு குஞ்சை வளர்த்து ஆளாக்க ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன என்று க்ரூகர் ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் ஒரு பறவை இறந்தாலும் அது பெரிய இழப்பு. எப்படியும் இறந்துபோகும் அந்த இரண்டாவது குஞ்சை எடுத்துக் கையால் வளர்த்து, பறவை அற்றுப்போன இடங்களில் விடும் முயற்சி தென்னாப்பிரிக்காவில் நடக்கிறது.

கோரி கானமயிலைச் சடாராவின் புல்வெளியில் தேடுங்கள். ஆண் பறவை 18 கிலோ வரை எடை வரும். பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று. கோடையில் அதன் முதுகில் செந்நிறப் பஞ்சுருட்டான் சவாரி செய்வதுண்டு; கானமயில் நடக்கும்போது கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்க அதற்கு அது வசதி. நம் நாட்டுக் கானமயில் ராஜஸ்தான் பாலைவனத்தில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. தமிழ்நாட்டில் அது மறைந்தே போய்விட்டது. க்ரூகரில் சாலையோரம் ஒரு கானமயில் அமைதியாக மேய்வதைப் பார்க்கும்போது, நாம் எதை இழந்தோம் என்பது கண்முன் நடக்கிறது.

சேண அலகு நாரையில் ஆண், பெண் பிரித்தறிவது எளிது: பெண்ணின் கண் பளிச்சென்ற மஞ்சள், ஆணுக்குக் கருங்கண். லெடபா, ஷிங்க்வெட்ஸி ஆறுகளின் மணற்பரப்புகளில் ஜோடியாக நிற்கும். மார்ஷியல் கழுகு ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய கழுகுகளில் ஒன்று. பட்டுப்போன மரத்தின் உச்சியைக் கவனியுங்கள். பெல் மீன்பிடி ஆந்தை கடினம். செம்பழுப்பு நிறத்தில் பெரிய ஆந்தை, இரவில் மீன் பிடிக்கும், பகலில் அடர்ந்த மரத்துக்குள் உறங்கும். பஃபூரியில் லுவுவு ஆற்றங்கரையை நன்கறிந்த வழிகாட்டியோடு போனால் வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை.

நம் ஊர்ப் பறவைகள் அங்கே தென்படுமா?

தென்படும். கொண்டலாத்தி, கருப்பு வெள்ளை மீன்கொத்தி, உண்ணிக்கொக்கு, சுடலைக்குயில் எல்லாம் உண்டு. பனங்காடையும் கரிச்சானும் இனம் வேறு, சாயல் அதுதான். ஊதா மார்புப் பனங்காடை க்ரூகரில் சாலையோரக் கிளைதோறும் உட்கார்ந்திருக்கும்; எளிதாகக் கிடைப்பதால் அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள்.

அமுர் வல்லூறைத் தனியாகச் சொல்ல வேண்டும். சைபீரியாவின் தென்கிழக்கிலும் வடசீனாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, இலையுதிர்காலத்தில் நாகாலாந்தின் தொயாங் நீர்த்தேக்கத்தில் கூட்டமாக இளைப்பாறி, இந்தியாவைக் கடந்து, அரபிக் கடல் மேல் நிற்காமல் பறந்து தென்னாப்பிரிக்கா சேர்கிறது. புறா அளவுகூட இல்லாத பறவை. 2012இல் தொயாங்கில் இவற்றை வலைபோட்டுப் பெருமளவில் கொல்வது வெளியே தெரிந்தது; மறு ஆண்டே அங்குள்ள கிராமங்கள் வேட்டையை நிறுத்தின. டிசம்பருக்குப் பிறகு க்ரூகரில் கம்பியிலோ உயர்ந்த கிளையிலோ ஒரு சாம்பல் நிற வல்லூறு, ஆரஞ்சுக் கால்களோடு தெரிந்தால் அது நம் வானத்தைக் கடந்து வந்தது.

பறவையே பார்த்துக்கொண்டிருந்தால் சிங்கம், சிறுத்தையைத் தவறவிட மாட்டோமா?

மாட்டீர்கள். பறவைகள்தான் காட்டிக்கொடுக்கும். காலையில் ஒரு மரத்தில் பாறுகள் கூட்டமாக உட்கார்ந்திருந்து, தரையில் இறங்காமல் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தால், இரையின் மேல் இன்னும் யாரோ இருக்கிறார்கள் என்று பொருள். சிங்கம் விலகினால்தான் அவை இறங்கும். கினிக்கோழிகள் ஒரே புதரைப் பார்த்து விடாமல் கத்தினால் அங்கே காத்திருங்கள். சாலையில் வேகமாக ஓடி ஓடிச் சிங்கம் தேடுகிறவர்களைவிட, ஒரு நீர்நிலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர்களே அதிகம் பார்க்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்று: எந்தச் சாலையில் சிங்கம் என்று உடனுக்குடன் சொல்லும் செயலிகளைப் பார்த்து ஓடாதீர்கள். போய்ச் சேரும்போது இருபது வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். விலங்குக்கும் நிம்மதி இல்லை, நமக்கும் இல்லை.

அங்கே வண்டி ஓட்டுவது கடினமா?

இல்லை. நம் ஊரைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் வலப்பக்கம். முக்கியச் சாலைகள் தார்ச்சாலைகள். சாதாரண கார் போதும். புல் உயர்ந்த காலத்தில் உயரமான வண்டி இருந்தால் பார்வைக்கு நல்லது. ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிச் செல்லுங்கள். வாடகை வண்டி நிறுவனங்கள் கேட்பதுண்டு.

பூங்காவுக்குள் தார்ச்சாலையில் 50, மண் சாலையில் 40 கி.மீ. வேக வரம்பு. பறவைக்கு 25தான் சரியான வேகம். முகாம் வாசல்கள் கோடையில் காலை 4:30க்கே திறந்துவிடும், குளிர்காலத்தில் 6 மணி. மாலையில் மாதத்தைப் பொறுத்து 5:30 முதல் 6:30க்குள் மூடிவிடும். நேரம் தவறினால் அபராதம் உண்டு. குறிப்பிட்ட இடங்களைத் தவிர எங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. ஜன்னலில் உட்காருவது, கூரைத் திறப்பு வழியாக எழுந்து நிற்பது எல்லாமே விதிமீறல்தான். டிரோனுக்கு அனுமதி இல்லை.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பூங்காவின் தெற்கு வாசல்களுக்கு ஐந்து மணி நேரத்தை ஒட்டிய பயணம். மதியத்துக்குப் பிறகு விமானம் இறங்கினால் அன்றே கிளம்பாதீர்கள். இருட்டில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம், வாசல் மூடுவதற்குள் போய்ச் சேரவும் முடியாது.

வழிகாட்டியே தேவையில்லையா?

இரண்டு விஷயங்களுக்குத் தேவை. ஒன்று, இரவுப் பயணம்: வாசல் மூடிய பிறகு சான்பார்க்ஸின் திறந்த வண்டியில்தான் வெளியே போக முடியும். ஆந்தை, பக்கி, புனுகுப்பூனை எல்லாம் அப்போதுதான். இரண்டு, காலை நடை: துப்பாக்கி ஏந்திய இரண்டு வழிகாட்டிகளோடு சிறு குழுவாக நடப்பது. காரிலிருந்து பார்க்கும் காடும் காலால் நடக்கும் காடும் வேறு வேறு. ஒரு காலையாவது இதற்கு ஒதுக்குங்கள்.

சாபி சாண்ட், டிம்பவாட்டி போன்ற தனியார் காப்பகங்களுக்கும் க்ரூகருக்கும் இடையே வேலி கிடையாது. அங்கே சாலையை விட்டு இறங்கிச் சிறுத்தையின் அருகே போவார்கள். விலை பல மடங்கு. பறவைக்காக மட்டும் அந்தச் செலவு தேவையில்லை என்றே சொல்வேன்.

யானை வழியை மறித்தால்?

நின்றுவிடுங்கள். ஹாரன் கூடாது, விளக்கைச் சிமிட்டக் கூடாது. ஆரம்பத்திலேயே தூரம் விட்டு நின்றால் பின்னால் போக இடம் இருக்கும். பின்னால் வரும் வண்டி உங்களை ஒட்டி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காதை விரித்துத் தலையை உயர்த்தி உங்களையே பார்த்தால் மெதுவாகப் பின்வாங்குங்கள். கன்னத்தில் மதநீர் வழியும் ஆண் யானையிடம் பந்தயம் வேண்டாம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் வண்டியைக் கொண்டுபோகவே கூடாது.

அங்கும் பாறுகள் குறைந்து வருகின்றனவா?

வேதனையோடு சொல்ல வேண்டியிருக்கிறது, ஆமாம். இந்தியாவில் கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்தால் பாறுகள் கிட்டத்தட்ட கூண்டோடு அழிந்தன; 2006இல்தான் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருப்பவற்றைக் காக்க இன்னும் போராடிக்கொண்டிருக்கிறோம். ஆப்பிரிக்காவில் காரணம் பெரும்பாலும் நேரடி விஷம். வேட்டைத் திருடர்கள் இறந்த விலங்கின் உடலில் பூச்சிமருந்தைக் கலந்து வைக்கிறார்கள். வானத்தில் பாறுகள் வட்டமிட்டால் வனக்காவலர்களுக்குத் திருட்டு தெரிந்துவிடும் என்பதும் ஒரு காரணம். பாறுகளின் உடலுறுப்புகளை நாட்டு மருந்துக்கு விற்பதும் நடக்கிறது. 2025 மே மாதம் க்ரூகருக்குள் விஷம் வைத்த ஒரே ஒரு யானையின் உடலைத் தின்று 120க்கும் மேற்பட்ட பாறுகள் இறந்தன. எண்பதுக்கு மேற்பட்டவற்றை ஹெலிகாப்டரிலும் ஆம்புலன்ஸிலும் ஏற்றிச் சென்று காப்பாற்றினார்கள்.

பயணிகளும் இதில் உதவ முடியும். நிலத்தில் பல பாறுகள் அசைவின்றிக் கிடப்பதைக் கண்டால் உடனே முகாமில் தெரிவியுங்கள். காண்டாமிருகத்தைப் படம் எடுத்தால் இடத்தின் பெயரோடு இணையத்தில் போடாதீர்கள். கேமராவின் இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள். கொம்புத் திருடர்களுக்கு அந்தத் தகவலே போதும்.

பூங்கா வருவதற்கு முன் அங்கே மக்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். பஃபூரிப் பகுதியில் வாழ்ந்த மகுலேகே மக்களை 1969இல் நிறவெறி அரசு வெளியேற்றி, அவர்கள் நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தது. 1998இல் நிலம் சட்டப்படி அவர்களுக்கே திரும்பியது. அதை வனமாகவே வைத்திருக்க அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்; சுற்றுலா விடுதிகள் மூலம் வருமானம் பெறுகிறார்கள். பஃபூரி போகிறவர்கள் இதை அறிந்து போக வேண்டும் என்பது என் விருப்பம்.

சைவ உணவு கிடைக்குமா?

உணவகங்களில் தேர்வு குறைவு. ஆனால் முகாம் குடில்கள் பலவற்றில் சிறு சமையலறையும் குளிர்ப்பெட்டியும் உண்டு. இல்லாத இடத்தில் பொதுச் சமையற்கூடம் இருக்கும். அரிசி, பருப்பு, காய்கறிகளை வழியிலுள்ள நகரத்தில் வாங்கிவிடுங்கள். சாம்பார்ப் பொடியும் ஊறுகாயும் ஊரிலிருந்து போதும். விதைகள், பால் பொருட்கள், புதிய பழங்கள் சுங்கத்தில் சிக்கலாகும், கொண்டுபோகாதீர்கள். குரங்குகள் விஷயத்தில் எச்சரிக்கை: திண்ணையில் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் காணாமல் போகும். உணவு கொடுத்துப் பழக்கப்படுத்தினால் கடைசியில் அந்தக் குரங்கைத்தான் சுட நேரிடுகிறது.

பைனாகுலர், கேமரா?

8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும்) பைனாகுலர் போதும். பத்து மடங்கு காட்டுவது காருக்குள் ஆடும், பார்வைப் பரப்பும் குறுகும். ஆளுக்கு ஒன்று வேண்டும். இருவருக்கு ஒன்று என்றால் பறவை போன பிறகுதான் இரண்டாமவர் கைக்கு வரும். கேமராவுக்கு 400 மி.மீ. லென்ஸ் நல்ல அளவு. முக்காலி காருக்குள் பயன்படாது. வெறும் துணிப்பை ஒன்றை எடுத்துச் சென்று, அங்கே அரிசி வாங்கி நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்து அதன் மேல் லென்ஸை வையுங்கள். பார்த்தவற்றை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பறவையை வரவழைக்கப் பதிவு செய்த குரலை ஒலிக்க விடுவது, அதுவும் கூடு கட்டும் காலத்தில், வேண்டவே வேண்டாம்.

குழந்தைகள், வயதான பெற்றோருடன் போகலாமா?

போகலாம். முகாமுக்குள் நடக்கலாம், வெளியே முழுநேரமும் காருக்குள்தான். கழிப்பறை முகாம்களிலும் சுற்றுலா ஓய்விடங்களிலும் மட்டும் என்பதால் அதற்கேற்பத் தூரத்தைத் திட்டமிடுங்கள். சான்பார்க்ஸின் திறந்த வண்டியில் ஆறு வயதுக்குக் கீழும், காலை நடையில் பன்னிரண்டு வயதுக்குக் கீழும் அனுமதிப்பதில்லை. குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள்.

மின் இணைப்பு?

நம் வீட்டில் கெய்சருக்கும் ஏசிக்கும் பயன்படுத்தும் பெரிய மூன்று முனைப் பிளக் அங்கே பொருந்தும். அந்தப் பிளக் வைத்த நீட்டிப்புப் பலகை ஒன்று எடுத்துச் சென்றால் எல்லா சார்ஜரும் அடங்கிவிடும்.

விசா, தடுப்பூசி விவரம்?

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. விதிகள் மாறுவதால் விண்ணப்பிக்கும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள். விமான டிக்கெட்டுக்கு முன் விசாவுக்கு நேரம் விடுங்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் பிரச்சினை எழாது. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போகிறவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்வதே பாதுகாப்பு: அந்த நாடுகளில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்காவில் சான்றிதழ் கேட்பார்கள், திரும்பும்போது இந்தியாவிலும் கேட்கலாம். சென்னையில் கிண்டி கிங் ஆய்வு நிறுவனத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டால்தான் சான்றிதழ் செல்லும்.

கூடுதலாகச் சில நாட்கள் இருந்தால்?

டர்பன் பக்கம் போங்கள். அங்கிருந்து வடக்கே மூன்று மணி நேரத்தில் ஷ்லுஷ்லுவே-இம்ஃபொலோஸி பூங்கா. வெள்ளைக் காண்டாமிருகம் உலகில் இன்றும் இருப்பதற்கு இந்த இடம்தான் காரணம். க்ரூகர் பகுதியில் அது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அற்றுப்போனது. இம்ஃபொலோஸியில் மட்டும் சிறு கூட்டம் தப்பியது. 1960களில் வனப் பாதுகாவலர் இயன் பிளேயர் தலைமையில் அங்கிருந்து பிடித்துக் க்ரூகருக்கும் உலகின் பிற இடங்களுக்கும் அனுப்பினார்கள். க்ரூகரில் நீங்கள் காணும் வெள்ளைக் காண்டாமிருகங்கள் அவற்றின் வழிவந்தவை. டர்பனில் தமிழருக்கு இன்னொரு நெருக்கம் உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். கோயில்களும் மிளகாய்த் தூள் கடைகளும் உண்டு.

மலேரியா பயப்படும்படியானதா?

பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். க்ரூகர் மலேரியா உள்ள பகுதி. மழைக்காலத்தில், குறிப்பாக ஆண்டின் முதல் மாதங்களில், வாய்ப்பு அதிகம். கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை பற்றி முடிவு செய்யுங்கள். அந்த மாத்திரைகளைத் திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள் வரை தொடர வேண்டும். ஊர் வந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் பலர். மாலையில் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டிக் களிம்பு, அறையில் வலை. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளோடு போகிறவர்களும் மழைக்காலத்தைத் தவிர்க்கலாம், அல்லது மலேரியா இல்லாத பிலானஸ்பெர்க், மடிக்வே, ஆடோ பூங்காக்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள், ஏன் சில மாதங்களுக்குள்கூட, காய்ச்சல் வந்தால் வைரஸ் காய்ச்சல் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் போய், ஆப்பிரிக்கா போய் வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.